வாய்க்கால் கரைக்குத் தார் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏரியும் காடுமாக இருக்கும் வெளிநாட்டுப் பகுதிகளில் மண் பாதையிலேயே நாள்கணக்கில் சைக்கிள் ஓட்டுகிறவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். எழுதியவரும் ரசித்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் கடைசிப் பத்தியில், நம் பகுதியிலும் இதுபோன்ற பாதைகளை அரசு அமைத்துத் தர வேண்டும் என்று முடித்திருந்தார் பாருங்கள், அங்கேதான் எனக்குத் திக்கென்றது. அரசு அமைத்துத் தர ஆரம்பித்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். முதலில் டெண்டர், அப்புறம் ஜல்லி, அதற்கு மேல் தார் அல்லது கான்கிரீட், ஓரத்தில் பளபளவென்று ஸ்டீல் கம்பி, நடுவில் ஒரு செல்ஃபி பாயிண்ட். எங்கள் சித்தூர் தாலுகாவுக்கு அது வேண்டவே வேண்டாம். பாதை ஏற்கெனவே இருக்கிறது, கெடுக்காமல் விட்டால் போதும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக வரும், இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், தாரைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் வெட்டாதீர்கள்.

சித்தூர் என்றதும் ஆந்திரா என்று நினைத்துவிடப் போகிறார்கள். இது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர். மேற்குத் தொடர்ச்சி மலை நீலகிரியில் இருந்து இறங்கி, தெற்கே ஆனைமலையில் மறுபடி ஏறுவதற்குள் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டிருக்கிறதே, அந்தப் பாலக்காட்டுக் கணவாயின் தென்கிழக்கு மூலையில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, பெருமாட்டி, முதலமடை என்று எல்லையை ஒட்டிக் கிடக்கும் பஞ்சாயத்துகள் எங்களுடையவை. வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், சந்தையில் இரண்டும். கோபாலபுரம், கோவிந்தாபுரம், வேலந்தாவளம், நடுப்புணி என்று வரிசையாக செக்போஸ்ட். கல்யாணமாகிப் போன பெண்ணைப் பார்க்கவே பாதிப் பேர் மாநிலம் தாண்டுகிறவர்கள்.

இங்கே ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. வடக்கே வாளையாறு, மலம்புழை. தெற்கே மலையடிவாரத்தில் மீங்கரை, சுள்ளியாறு. இன்னும் மேற்கே நெம்மாறைப் பக்கம் போத்துண்டி, அதைத் தாண்டி மங்கலம். இவை அணைகள். நடுவில் கம்பாலத்தறை, வெங்கலக்கயம் என்று தண்ணீரைத் தேக்கிவைக்கும் ஏரிகள். சித்தூர் ஆற்றில் மூலத்தறை ரெகுலேட்டர் என்ற தடுப்பணையில் இருந்து இரண்டு பக்கமும் வாய்க்கால் பிரிகிறது. அதில் ஓடுவது முக்கால்வாசி ஆழியாற்றுத் தண்ணீர். 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. மணக்கடவு வழியாக எங்களுக்கு வரவேண்டும். அந்தக் கணக்கில் இரண்டு மாநிலத்து இன்ஜினியர்களும் வருஷம் பூரா பேசுவதற்கு விஷயம் இருக்கிறது, நான் அதில் தலையிடவில்லை. எனக்கு வேண்டியது வாய்க்காலின் கரை.

ஏன் கரை என்று கேட்டால், வாய்க்கால் வெட்டியவன் சைக்கிள்காரனுக்குத் தெரியாமலே பெரிய உபகாரம் செய்திருக்கிறான். தண்ணீர் மோட்டார் இல்லாமல் தானாக ஓட வேண்டும், அதேசமயம் வேகமாக ஓடிக் கரையை அரித்துவிடவும் கூடாது. அதனால் சரிவு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு வைத்து, மேட்டைக் கண்டால் வளைந்து வளைந்து கொண்டுபோயிருக்கிறார்கள். கரையும் அதே மட்டத்தில்தான் போகும். இன்ஜினியர் ஜீப் வந்து பார்வையிட வேண்டும் என்பதற்காக ஒரு பக்கக் கரை அகலமாக இருக்கும். ஏற்றம் கிடையாது, சிக்னல் கிடையாது, பஸ் ஹாரன் கிடையாது, மதகுக்கு மதகு ஒரு வேப்பமரமோ புளியமரமோ நிற்கும். வெளிநாட்டில் கோடிக்கணக்கில் செலவழித்துப் போடுகிற பாதையில் இதைவிட என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மூலத்தறையில் ஆரம்பித்துப் போய்ப் பாருங்கள். பிளாச்சிமடையில் 2004இல் மூடிய குளிர்பான ஆலையின் மதிலை ஒட்டினாற்போல வாய்க்கால் போகிறது. நிலத்தடித் தண்ணீருக்காக அந்த ஆலையை எதிர்த்துப் போராடி நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்த ஊர் அது, ஒரு நிமிஷம் காலை ஊன்றி நின்றுவிட்டுத்தான் போகத் தோன்றும். அப்புறம் கம்பாலத்தறை. கோடையில் தண்ணீர் வற்றியதும் ஏரிக்குள்ளேயே மாடு மேயும், கரையில் இருந்து இறங்கிக் காய்ந்த களிமண் தரையில் ஓட்டினால் மேசைமேல் ஓட்டுவதுபோல் இருக்கும். பிறகு மீங்கரை. அதைத் தாண்டி முதலமடை ரயில்வே ஸ்டேஷன், பிளாட்பாரத்தில் ஆலமரங்கள் விழுது விட்டு நிற்கும் அந்த ஸ்டேஷனைச் சினிமாவில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அகலப் பாதையாக மாற்றி 2015இல் மறுபடி திறந்த பொள்ளாச்சி பாலக்காடு லைன் அது, ரயில்தான் அபூர்வம். ஸ்டேஷனுக்குத் தெற்கே பார்த்த இடமெல்லாம் மாந்தோப்பு. மற்ற ஊர் மாம்பழம் பூவில் இருக்கும்போதே முதலமடைக் காய் லாரி ஏறி வடக்கே போக ஆரம்பித்துவிடும். தோப்புகளுக்கு நடுவில் போகும் வண்டிப்பாதை சுள்ளியாறு அணையில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து கொல்லங்கோட்டுப் பக்கம் திரும்பினால் வயல், வயலுக்கு அந்தப்புறம் சுவர் எழுப்பினாற்போல் நெல்லியாம்பதி மலை. மழைக்காலத்தில் சீதார்குண்டு அருவி அதில் வெள்ளைக் கோடாக விழுவது சைக்கிளில் இருந்தபடியே தெரியும்.

சரி, மண்ணைப் பற்றிச் சொல்லாமல் மண் பாதையைப் பற்றி எழுதி என்ன பிரயோஜனம்? உங்கள் கட்டுரையில் எனக்கு இருந்த குறையும் அதுதான். எந்த ஊர்ப் பாதையானாலும் ஒரே மண் என்பதுபோல் எழுதியிருந்தார். எங்கள் தாலுகாவுக்குள்ளேயே மண் மாறும். கிழக்கே எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கம் கரிசல். கேரளத்தில் கரிசல் மண் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வரவேண்டும். வெயில் காலத்தில் அது கல் மாதிரி இறுகி, சைக்கிள் சத்தமில்லாமல் பறக்கும், வெடிப்புகளில் டயர் மாட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு மழை பெய்யட்டும். நூறடி போவதற்குள் டயரில் ஒரு சுற்று அப்பும், அதன்மேல் வைக்கோல் ஒட்டும், அதன்மேல் இன்னொரு சுற்று. பிரேக்குக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு நிரம்பி சக்கரம் அப்படியே நின்றுவிடும். தூக்கித் தோளில் வைத்தால் சைக்கிள் இரண்டு பங்கு கனம். வேப்பங்குச்சி ஒடித்துக் குத்திக் குத்தி எடுத்தாலும் அடுத்த நூறடியில் அதே கதைதான். மழைக்கு மறுநாள் கரிசல் பக்கம் போகாதீர்கள், அவ்வளவுதான். மீங்கரைக்குத் தெற்கே செம்மண்ணும் சரளையும். அங்கே மழை விட்டு ஒரு மணி நேரத்தில் தண்ணீர் இறங்கிவிடும், பாதை முன்னைவிட நன்றாகவே இருக்கும், புழுதி அடங்கியிருக்கும்.

அப்புறம் நெருஞ்சி. தை மாசத்துக்கு மேல் செடி காய்ந்துவிடும், முள் மட்டும் மேலே பார்த்துக்கொண்டு கிடக்கும். எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேல்நோக்கி நிற்கும்படித்தான் அதன் காயே அமைந்திருக்கிறது. சாதாரண டியூபாக இருந்தால் ஒரு ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் பஞ்சர். ஒட்டுப் போட்டு மாளாது. டியூப் இல்லாத டயருக்குள் ரப்பர் பால் போன்ற சீலண்டை ஊற்றி ஓட்டுகிறார்கள் பாருங்கள், அது ஏன் என்று நெருஞ்சிக் காட்டில்தான் புரியும். முள்ளைப் பிடுங்கினால் புஸ்ஸென்று காற்றும் வெள்ளைத் துளியும் வரும், ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்தால் துளி நுரைத்துக் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும், காற்று கொஞ்சம் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். சீமைக்கருவேல முள் என்றால் அது வேறு, அது டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும், அதற்கு எந்தப் பாலும் உதவாது.

காற்றும் முக்கியம். கணவாய் என்பதால் இங்கே காற்று நினைத்தபடி அடிக்காது, பருவத்துக்கு ஒரு திசை. மார்கழி, தையில் கிழக்கே இருந்து வரும், ஆனி, ஆடியில் மேற்கே இருந்து. மார்கழியில் கோபாலபுரத்தில் இருந்து கொல்லங்கோட்டுக்குப் போகிறவன் மிதிக்காமலே போவான், அதே ஆள் சாயங்காலம் திரும்பும்போது இறங்கித் தள்ளலாமா என்று யோசிப்பான். வட்டமாகப் பாதை போடுகிறவர்கள் முதல் பாதியை எதிர்காற்றில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இங்கே சின்னப் பையனுக்கும் தெரியும்.

லட்ச ரூபாய்ச் சைக்கிள் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். வளைந்த ஹேண்டில்பாரும் நாற்பது மில்லிமீட்டர் டயரும் டிஸ்க் பிரேக்கும் இருந்தால் சுகம்தான். ரோடு சைக்கிள் டயரில் எண்பது, தொண்ணூறு பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காற்று அடிக்கிறவர்கள் இதில் முப்பத்தைந்துக்குக் குறைத்துக்கொள்ளலாம், கல்மேல் ஏறினாலும் கை அதிராது. ஆனால் இந்தக் கரைகளில் எனக்கு முன்னால் ஓட்டியவர்கள் கள்ளிறக்குகிறவர்கள். கேரியரின் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு, கியர் இல்லாத கறுப்புச் சைக்கிளில், விடிகிற நேரத்தில், ஒரு சொட்டுச் சிந்தாமல். இப்போது அவர்களும் டி.வி.எஸ். எக்ஸெல்லுக்கு மாறிவிட்டார்கள். வாய்க்காலையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் ஊழியரான லஸ்கர் ஒருவர் என் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இத்தன காசுக்கு ரெண்டு எக்ஸெல் வாங்கியிருக்கலாமுங்களே, எதுக்குங்க மிதிச்சுட்டுக் கெடக்கறீங்க?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

இப்போது தாருக்கு வருகிறேன்.

இத்தாலியில் டஸ்கனி என்று ஒரு பகுதி. அங்கே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் சுண்ணாம்புச் சரளை போட்ட வெள்ளைப் பாதைகள் உண்டு. ஒவ்வொன்றாகத் தார் ஏறிக்கொண்டே வந்தது. அதைத் தடுக்க வேண்டும் என்று நினைத்த ஜான்கார்லோ ப்ரோச்சி என்பவர் மறியல் எதுவும் செய்யவில்லை. 1997இல் கயோலே என்ற சின்ன ஊரில், பழைய காலத்துச் சைக்கிள்களைக் கொண்டுவாருங்கள், வெள்ளைப் பாதையில் ஓட்டலாம் என்று கூப்பிட்டார். லெரோய்க்கா என்று பெயர். முதல் வருஷம் நூறு பேர்கூட இல்லை. பிறகு உலகம் முழுக்க இருந்து வர ஆரம்பித்தார்கள். 2007இல் அதே பாதைகளில் தொழில்முறைப் பந்தயமும் தொடங்கி, இன்று அது பெரிய பந்தயங்களில் ஒன்று. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நிரந்தரமாக போர்டு வைத்து, யார் வேண்டுமானாலும் எந்த நாளும் ஓட்டலாம் என்று வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து எம்போரியாவும் அப்படித்தான். தீக்கல் நிறைந்த குன்றுகளுக்கு நடுவில் டயரைக் கிழிக்கிற சரளைச் சாலைகள் தவிர அந்தப் பக்கம் வெளியூர்க்காரனுக்குக் காட்ட ஒன்றும் இல்லை. 2006இல் சில பேர் சேர்ந்து இருநூறு மைல் ஓட்டினார்கள், இன்று அந்த ஒரு பந்தயத்துக்காக ஆயிரக்கணக்கில் ஆள் வருகிறது. இரண்டு ஊரிலும் புதிதாகப் பாதை போடவில்லை, இருந்த பாதையை இருந்தபடியே வைத்துக்கொண்டார்கள்.

இங்கே நடப்பது வேறு. வாய்க்கால் கரையில் ஒரு துண்டு கான்கிரீட் ஆனதும் முதலில் வருவது சைக்கிள் கிடையாது, டிப்பர். செக்போஸ்டைச் சுற்றிக்கொண்டு போக ஒரு நல்ல குறுக்குவழி கிடைத்தால் யார் விடுவார்கள்? டிப்பர் வந்த பிறகு கரை உட்காரும், பக்கச் சுவர் வெடிக்கும், தண்ணீர் கசியும், அப்புறம் அதை அடைக்க இன்னொரு டெண்டர். நடக்கிறவர்கள், ஆடு மாடு ஓட்டிக்கொண்டு போகிற பாட்டிகள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், எல்லோரும் ஓரத்துக்குத் தள்ளப்படுவார்கள். மண் கரையில் வண்டி மெதுவாகத்தான் போகும், அதுதான் அங்கே பாதுகாப்பு.

எல்லாவற்றையும் மண்ணாகவே வைத்திருங்கள் என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் என்னைவிட சுயநலக்காரன் இருக்க முடியாது. பரம்பிக்குளம் காட்டுக்குள் இருக்கும் தேக்கடிக் குடியிருப்பு மக்கள் எங்கள் முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்தவர்கள். தங்கள் பஞ்சாயத்து ஆபீசுக்கு வர அவர்கள் தமிழ்நாட்டுக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது. செம்மணாம்பதி வழியாகச் சாலை கேட்டு கேட்டு அலுத்து, 2020 காந்தி ஜெயந்தி அன்று அவர்களே மண்வெட்டி எடுத்துக் காட்டு வழியை வெட்ட ஆரம்பித்தார்கள். பிரசவ வலி எடுத்தவளைக் கட்டிலில் வைத்துத் தூக்கி வருகிறவர்களுக்கு நல்ல சாலை வேண்டும், அதில் எந்தச் சைக்கிள்காரனும் வாய் திறக்கக் கூடாது. நான் பேசுவது ஊருக்கு ஊர் தார் ரோடு ஏற்கெனவே இருக்க, பக்கத்திலேயே போகிற வாய்க்கால் கரைக்கும் தார் கேட்கிறார்களே, அதைப் பற்றி மட்டும்.

காட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கட்டுரையில் பின்லாந்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அங்கே யாருடைய காடானாலும் யாரும் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம் என்பது காலங்காலமாக வந்த உரிமை. மரம் வெட்டிக் கொண்டுவரப் போட்ட சரளைச் சாலைகள் காடு முழுக்கக் கிடக்கின்றன, ஏரியை ஏரியாகச் சுற்றலாம். சந்தோஷம். அதைப் படித்துவிட்டுப் பரம்பிக்குளத்துக்குள்ளும் திறந்துவிட வேண்டும் என்று யாராவது கிளம்பினால் நான் எதிர்ப் பக்கம் நிற்பேன். பரம்பிக்குளம் 2010இல் இருந்து புலிகள் காப்பகம், அதை ஒட்டித் தமிழ்நாட்டுப் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம். சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் உள்ளே போக முடியும், இருசக்கர வண்டிக்கு அனுமதி கிடையாது. கிடையாதது நியாயம்தான். யானைக்கு முன்னால் காரில் இருப்பவன் பின்னால் எடுக்கலாம், சைக்கிளில் இருப்பவன் என்ன செய்வான்? அதுவும் சைக்கிளுக்கு இன்ஜின் சத்தம் கிடையாது, வளைவு திரும்பும் வரை அதற்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் கொச்சி சமஸ்தானம் தேக்கு கொண்டுபோகப் போட்ட டிராம் லைன் ஒன்று உண்டு, 1907இல் இருந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் பரம்பிக்குளத்தில் இருந்து சாலக்குடிக்கு எண்பது கிலோமீட்டர் ஓடியது. அந்தத் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கினால் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு கனவு காண்கிறவர்களை எனக்குத் தெரியும். நானும் கேட்டு ரசிப்பேன், கனவாகவே இருக்கட்டும்.

காட்டுக்குள் போகாமலே காடு கிடைக்கும் என்பதுதான் எங்கள் ஊர் விசேஷம். சுள்ளியாற்றுக் கரையில் நின்றால் மலை மூக்குக்கு முன்னால் இருக்கிறது. போதாதென்று காடே இறங்கி வரும். மாங்காய் பழுக்கும் காலத்தில் யானை தோப்புக்கு வந்துபோன தடம் காலையில் பாதையிலேயே கிடக்கும், ஒரு தாம்பாளம் அகலத்துக்கு. தடத்தின் விளிம்பு மண் உதிராமல் கூர்மையாக இருந்தால் திரும்பிவிடுங்கள், தூரத்தில் இல்லை என்று அர்த்தம். அதனால் மலையடிவாரப் பக்கம் நன்றாக விடிந்த பிறகுதான், இருட்டுவதற்கு ரொம்ப முன்னாலேயே வெளியே வந்துவிட வேண்டும். தோப்புக்காரர்கள் கட்டியிருக்கும் சோலார் வேலியைத் தொடக் கூடாது. காட்டுப்பன்றி குறுக்கே ஓடினால் ஒன்றோடு நிற்காது, பின்னால் குட்டிகள் வரும். இவற்றை விட எனக்கு பயம் நாய்தான். மதகடி நாய்கள் மோட்டார் சைக்கிளை விட்டுவிடும், சைக்கிளை விடாது. வேகமாக மிதிக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் அதுவே அலுத்துப் போய்விடும்.

அப்படியானால் என்னதான் வேண்டும் என்று கேட்டால், நான் கேட்பதற்கு ஒரு பஞ்சாயத்தின் ஒரு மாசச் செலவுகூட ஆகாது. கரையில் வண்டி போகக் கூடாது என்று சில இடங்களில் இரும்புக் கேட் போட்டிருக்கிறார்கள். நல்ல காரியம், டிப்பர் நிற்கும். ஆனால் பக்கத்தில் ஒரு ஆள், ஒரு சைக்கிள் நுழையும் இடுக்கு விடவில்லை. கிழவியானாலும் குனிந்து அடியில் புகுந்து போகிறாள், புல்லுக்கட்டை முதலில் அந்தப் பக்கம் தள்ளிவிட்டு. மூன்றடி விட்டால் என்ன? அடுத்தது போர்டு. எந்தக் கரையில் போகலாம், எது துறையின் உள் உபயோகத்துக்கு மட்டும், எந்த மதகில் வலப்பக்கம் திரும்ப வேண்டும், அடுத்த ஊர் எத்தனை கிலோமீட்டர், அவ்வளவு எழுதினால் போதும். தமிழ் பேசுகிறவர்கள் சிறுபான்மையாக இருக்கும் தாலுகா என்று அரசே ஒப்புக்கொண்ட இடம் இது, சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையே இருக்கிறது, போர்டில் மலையாளத்தோடு தமிழும் இருக்கட்டும். ஆனைமலையில் இருந்தோ பொள்ளாச்சியில் இருந்தோ வருகிறவன் பாதி வழியில் முழிக்க வேண்டாம்.

அவன் ஏன் வர வேண்டும் என்றால், அந்தப் பக்கமும் இதே வாய்க்கால்கள்தான். சேத்துமடைக் கால்வாய், வேட்டைக்காரன்புதூர்க் கால்வாய், இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, மாசாணியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால் நிழலிலேயே எல்லை வரை வந்துவிடலாம். எல்லையில்தான் எல்லாம் அறுந்துபோகிறது. செல்போன் மேப்பில் அந்தப் பக்கப் பாதை செக்போஸ்டோடு முடியும், இந்தப் பக்கப் பாதை எங்கிருந்தோ ஆரம்பிக்கும், நடுவில் அரை கிலோமீட்டருக்கு ஒன்றும் இல்லாததுபோல் இருக்கும். நேரில் போனால் அங்கே அருமையான மாட்டுவண்டித் தடம். இரண்டு மாநிலத்துச் சுற்றுலாத் துறைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு வரைபடம் போட்டால், ஆழியாறு அடிவாரத்தில் இருந்து போத்துண்டி வரை மலையைத் தொட்டுக்கொண்டே, காட்டுக்குள் ஒரு அடிகூட வைக்காமல், ஏரி ஏரியாகப் போகலாம். தண்ணீர்ப் பங்கீட்டுக்கே அத்தனை வருஷமாகக் கூட்டம் போடுகிறவர்கள் இதற்கும் ஒரு கூட்டம் போடட்டும், சண்டை வராத விஷயம்.

லாபம் யாருக்கு என்றால் டீக்கடைக்கு, பஞ்சர் கடைக்கு, இளநீர் வெட்டுகிறவருக்கு, முதலமடையில் ரோட்டோரம் மாம்பழம் விற்கிற பெண்களுக்கு. கள்ளுக்கடைக்கும்தான். தமிழ்நாட்டில் 1987இல் இருந்து கள்ளுக்குத் தடை, இங்கே சித்தூர்க் கள் மாவட்டம் மாவட்டமாக வண்டி ஏறிப் போகிறது. எல்லை தாண்டி வரும் சைக்கிள் வீரர்கள் எந்த மரத்தடியில் எதற்காக நிற்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கப்பையும் மீன் கறியும் சாப்பிடட்டும், கள்ளைக் குடித்துவிட்டு வாய்க்கால் கரையில் ஓட்டாமல் இருந்தால் சரி. கரைக்குத் தடுப்புச் சுவர் கிடையாது, தண்ணீர் விட்டிருக்கும் நாளில் உள்ளே விழுந்தால் வழுக்குகிற சிமெண்ட் சரிவில் ஏறி வருவது லேசில்லை.

கடைசியாக, தூர் வாருவது பற்றி. தண்ணீர் திறப்பதற்கு முன்னால் வாய்க்காலைச் சுத்தம் செய்கிறார்கள், பாராட்ட வேண்டிய விஷயம். வெட்டிய கருவேலம் புதரையும் அள்ளிய சேற்றையும் அப்படியே கரையின் நடுவில் குவித்துவிட்டுப் போகிறார்கள், அது அடுத்த வருஷம் வரை அங்கேயே கிடக்கிறது. ஒரு பக்கமாகத் தள்ளிப் போடச் சொல்லி ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் சைக்கிளுக்கும் வழி கிடைக்கும், லஸ்கருக்கும் நடக்க வழி கிடைக்கும். உங்கள் நிருபர் நேரில் பார்க்க வருவதாக இருந்தால் மாசிக்குள் வரச் சொல்லுங்கள், அதற்கு மேல் வெயில் தாங்காது. டியூப் டயர் வண்டி என்றால் ஒட்டுப் போடும் பெட்டியும் பம்பும் அவசியம் எடுத்துவரட்டும், கம்பாலத்தறைக்கும் மீங்கரைக்கும் நடுவில் பஞ்சர் கடை கிடையாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்